உங்கள் முதல் தேற்றத்தை வட்டார மாநாட்டுக்குக் கொண்டுபோவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் கணிதமோ கணினியியலோ படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும், பகலில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு இரவில் புள்ளியும் கோடும் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் நோட்டில் தனிநிலைக் கணிதத்தில் (discrete mathematics, புள்ளி, கோடு மாதிரி தனித்தனியாக எண்ணக்கூடியவற்றின் கணிதம்) ஒரு சின்னத் தேற்றம் இருக்கும், நிரூபணமும் சரியாக வந்திருக்கும், மேற்பார்வையாளரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார், அப்புறம் அது அங்கேயே கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் வட்டார மாநாடு. பெரிய உலக மாநாடு ஒன்றில் இடம் கிடைக்கும்வரை பேசாமல் இருப்போம் என்று காத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அது வீண் காத்திருப்பு. வட்டார மாநாட்டில் கூட்டம் சிறியது, உங்கள் பேச்சைக் கேட்பவர்களில் பாதிப் பேர் உங்கள் கேள்வியை ஏற்கெனவே யோசித்தவர்கள், அடுத்த கட்டுரையை உங்களோடு சேர்ந்து எழுதப்போகிறவர் அங்கேதான் தேநீர்க் கோப்பையோடு நிற்பார்.

முதலில் மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள்

தனிநிலைக் கணிதம் இரண்டு வீட்டுப் பிள்ளை. கணிதத் துறையில் மாநாடு என்றால் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பிவிட்டுப் போய்ப் பேசுவது, கணக்கில் வருவது ஆய்விதழ் மட்டும்தான். கணினியியல் துறையில் மாநாடே வெளியீடு: முழுக் கட்டுரை போகும், பெரும்பாலும் மூன்று பேர் படித்து மதிப்பிடுவார்கள், ஏற்றால் தொகுதியாக அச்சாகும். நீங்கள் எந்தத் துறையில் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள், அங்கே எது மதிக்கப்படுகிறது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டிய மாநாடுகள் சில. ஐசாக் (ISAAC) 1990இல் டோக்கியோவில் தொடங்கியது, அல்காரிதம் (கணினி படிப்படியாகச் செய்யும் தீர்வுமுறை) துறையில் ஆசியாவின் முக்கியமான கூட்டம், வழக்கமாக டிசம்பரில் நடக்கும். கோக்கூன் (COCOON) 1995இல் சீனாவின் சியான் நகரில் தொடங்கியது, 2002இல் சிங்கப்பூருக்கே வந்தது. வால்காம் (WALCOM) 2007இல் டாக்காவில் பிறந்தது, அதன் 2020ஆம் ஆண்டுத் தொகுதி சிங்கப்பூர் பெயரில் இருக்கிறது. டாம்சி (TAMC) 2014இல் சென்னையிலும் அடுத்த ஆண்டே சிங்கப்பூரிலும் நடந்தது. இந்தியாவில் எஃப்எஸ்டிடிசிஎஸ் (FSTTCS) 1981 முதல் நடக்கிறது. அதைவிட இளையது கால்டாம் (CALDAM), 2015இல் கான்பூர் ஐஐடியில் தொடங்கியது, புதுச்சேரிக்கும் கோயம்புத்தூருக்கும்கூட வந்திருக்கிறது. கோட்டுருவியலில் (கோட்டுரு, graph, என்றால் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த அமைப்பு) முதல் கட்டுரை எழுதுகிறவருக்கு நான் முதலில் சொல்வது கால்டாமும் வால்காமும்தான், இரண்டிலும் சேர்வியல் (combinatorics, பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று ஆராயும் கணிதம்) பக்கம் சாய்ந்த வேலைக்கு நல்ல இடம் உண்டு. ஐசாக்கும் எஃப்எஸ்டிடிசிஎஸ்ஸும் கடினம், ஆனால் அல்காரிதம் வலுவாக இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

போலி மாநாடுகள் விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றின் பெயரைப் போட்டு, கணிதம், மருத்துவம், மேலாண்மை எல்லாவற்றுக்கும் ஒரே அரங்கில் இடம் என்று மின்னஞ்சல் வருகிறதே, அவற்றில் பணம் கட்டினால் சான்றிதழ் வரும், ஆனால் உங்கள் தேற்றத்தைப் புரிந்துகொள்ள ஒருவர்கூட இருக்க மாட்டார். சோதிப்பது எளிது. தேர்வுக் குழுவில் உள்ளவர்களின் சொந்தப் பக்கங்களுக்குப் போய் அவர்களே இந்த மாநாட்டைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். கணினியியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி (dblp) தரவுத்தளத்தில் பழைய ஆண்டுத் தொகுதிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அந்தத் தொகுதிகளில் நீங்கள் மேற்கோள் காட்டும் ஆட்களின் பெயர் வர வேண்டும். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

எதை அனுப்புவது

இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்ஆர்டி வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். நிலையங்கள் புள்ளிகள், அவற்றை இணைக்கும் தடங்கள் கோடுகள். ஒவ்வொரு தடத்திலும் ரயில் ஒரே திசையில்தான் ஓடலாம் என்று விதி வைத்தால், எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்துக்கும் போய்ச் சேரும்படி திசைகளை அமைக்க முடியுமா? கணிதர் ஹெர்பர்ட் ராபின்ஸ் 1939இல் இதற்கு முழு விடை சொன்னார். கோட்டுரு இணைந்திருக்க வேண்டும், அதோடு பாலம் எதுவும் இருக்கக் கூடாது, அதாவது எந்த ஒரு கோட்டை எடுத்தாலும் கோட்டுரு இரண்டாக உடையக் கூடாது. இன்றைய எம்ஆர்டியில் இது நடக்காது. எக்ஸ்போவுக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையிலுள்ள தடத்தை எடுத்துவிட்டால் விமான நிலையம் தனித்துப்போகும், அது ஒரு பாலம். துவாஸ் லிங்க் பக்கக் கடைசித் தடமும் அப்படித்தான்.

பாலம் இல்லை என்றால் திசைகளை அமைப்பது கணினிக்கு மிக எளிது. ஆழ முதல் தேடல் (ஒரு பாதையில் முடிந்தவரை உள்ளே போய்விட்டுத் திரும்பும் தேடல்) ஒன்றை ஓடவிட்டு, மரக் கோடுகளை, அதாவது தேடல் புதுப் புள்ளிக்குப் போன கோடுகளை, மேலிருந்து கீழாகவும் மற்றக் கோடுகளைக் கீழிருந்து மேலாகவும் திருப்பினால் முடிந்தது. நேரம் கோட்டுருவின் அளவுக்கு நேர்விகிதம். சரி, போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, எங்கிருந்தும் எங்கும் இரண்டே அடியில், அதாவது இரண்டு கோட்டுக்குள், போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு திசையமைப்பு இருக்கிறதா என்று தீர்மானிப்பதே என்பி-முழுமை (NP-complete, எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத வகை) என்று ஷ்வாட்டலும் தாமஸனும் 1978இல் நிரூபித்தார்கள். கேள்வியில் ஒரு சொல் மாறியதும் எளிது கடினமாகிவிடுகிறது. தனிநிலைக் கணிதமும் கணினியியலும் ஒரே அரங்கில் உட்காருவதற்குக் காரணமே இந்த இடம்தான், எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். பொதுவான கேள்வி கடினம் என்று தெரிந்துவிட்டால் குறிப்பிட்ட வகைக் கோட்டுருக்களுக்குக் கேட்கலாம். எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்த முழுக் கோட்டுருவில், மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டே அடியில் போகும்படி திசையமைக்கலாம், நான்கு புள்ளி மட்டும் விதிவிலக்கு. தாளில் ஆறு கோடு வரைந்து நீங்களே சோதித்துப் பாருங்கள், அரை மணி நேரம் இனிமையாகப் போகும். முழு இருகூறு கோட்டுருக்களுக்கு (புள்ளிகள் இரண்டு அணி, ஒவ்வொரு புள்ளியும் எதிரணிப் புள்ளிகள் எல்லாவற்றோடும் மட்டும் இணைந்திருக்கும்) ஷோல்டெஸ் 1986இல் விடை தந்தார். சிங்கப்பூரிலேயே கோ கீ மெங்கும் டே எங் குவானும் இந்தத் திசையமைப்புக் கேள்விகளில் பல ஆண்டு உழைத்து, 2002இல் இந்தத் துறை முழுவதையும் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் கட்டுரை இப்படித்தான் பிறக்கிறது: பெரிய கேள்வி ஒன்று, அதில் யாரும் இன்னும் தொடாத ஒரு கோட்டுரு வகை, அதற்கு முழுமையான நிரூபணம். அதோடு, உங்கள் வகையில் ஒரு நிபந்தனையை நீக்கினால் ஏன் தேற்றம் உடைகிறது என்பதற்கு ஓர் எதிர்க்காட்டும் வைத்தால் மதிப்பிடுகிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

அனுப்பக் கூடாதவையும் உண்டு. கணினியில் பத்துப் புள்ளிவரை சோதித்தேன் என்பது ஊகம்தான், தேற்றம் ஆகாது. பழைய நிரூபணத்தில் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டதும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று, ஆய்வாளர்கள் கட்டுரைகளை இலவசமாகப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில், சேர்வியல் பிரிவு, தனிநிலைக் கணிதப் பிரிவு இரண்டிலும் தேடுங்கள். எண் வரிசை ஏதாவது வந்தால் நீல் ஸ்லோன் 1964இல் தொடங்கிய முழுஎண் தொடர்களின் கலைக்களஞ்சியத்தில் (OEIS) முதல் ஐந்தாறு உறுப்புகளைப் போட்டுப் பாருங்கள், வேறு துறையில் வேறு பெயரில் உங்கள் வரிசை உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

எழுதும்போது

கணிதக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் லேட்டக்ஸ் (LaTeX) மென்பொருள் கட்டாயம். ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் தொகுதியாக வரும் மாநாடு என்றால் அவர்களுடைய வார்ப்புருவில், பெரும்பாலும் 12 பக்கத்துக்குள் எழுத வேண்டும், டாக்ஸ்டூல் (Dagstuhl) வெளியிடும் லிப்பிக்ஸ் (LIPIcs) தொகுதி என்றால் வார்ப்புரு வேறு. எழுத்தளவைச் சுருக்கி, ஓரத்தைக் குறைத்து இடம் பிடிக்காதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நீண்ட நிரூபணம் பின்னிணைப்புக்குப் போகலாம், ஆனால் அதன் கருத்து முதல் மூன்று பக்கத்துக்குள் தெரிய வேண்டும், ஏனென்றால் பின்னிணைப்பைப் படிக்கும் கட்டாயம் மதிப்பிடுகிறவருக்கு இல்லை. முன்னுரையில் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: என்ன நிரூபித்தீர்கள், இதற்கு முன் என்ன தெரிந்திருந்தது, எந்த இடத்தில் உங்கள் உத்தி புதியது.

பெயர் விஷயம் நமக்கு மட்டும் உள்ள தனிச் சிக்கல். இந்தத் துறையில் ஆசிரியர் பெயர்களைக் குடும்பப் பெயரின் அகர வரிசையில் போடுவது வழக்கம், யார் அதிகம் செய்தார் என்பதைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. அடையாள அட்டையில் நடுவே எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்) என்று இருக்கும், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், அனுப்பும் தளமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நான் சொல்வது இதுதான். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள், உங்கள் பெயரும் பின்னால் அப்பா அல்லது அம்மா பெயரும் முழுதாக இருக்கட்டும், எஸ்/ஓவை விட்டுவிடுங்கள், சாய்கோட்டைப் பார்த்ததும் தரவுத்தளங்கள் தடுமாறும். அதே வடிவத்தில், ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம். அதன்பிறகு எந்தக் கட்டுரையிலும் அந்த வடிவத்தை மாற்றாதீர்கள். அழைப்புக் கடிதத்துக்கும் ரசீதுக்கும் மட்டும் கடவுச்சீட்டில் உள்ள பெயரைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

நிறுவனம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். தனி ஆய்வாளர், சிங்கப்பூர் என்று போடலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஆர்க்கைவில் முதன்முறை போட அந்தத் துறையில் ஏற்கெனவே எழுதியவர் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படும், அதற்கு முன்கூட்டியே ஒரு பேராசிரியரிடம் கட்டுரையைக் காட்டிவிடுங்கள்.

அனுப்பும் நாள்

கடைசி நாள் 'பூமியில் எங்கும்' (Anywhere on Earth, AoE) என்ற கணக்கில் கொடுக்கப்பட்டிருந்தால், அது உலகத்திலேயே கடைசியாக நாள் முடியும் நேர மண்டலம். அங்கே இரவு 11.59 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் மாலை 7.59, தமிழ்நாட்டில் மறுநாள் மாலை 5.29. அதாவது உங்களுக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. இணையாசிரியர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருந்தால் இரண்டு நேரத்தையும் எழுதி அனுப்பிவிடுங்கள். சுருக்கத்துக்கு ஒரு தேதி, முழுக் கட்டுரைக்கு இன்னொரு தேதி இருக்கும், சுருக்கத்தைத் தவறவிட்டால் கதவு மூடிவிடும்.

டிசம்பர் மாநாடுகளுக்குப் பெரும்பாலும் ஆண்டு நடுவிலும், பிப்ரவரி மார்ச் மாநாடுகளுக்கு அதற்கு முந்தைய செப்டம்பர் அக்டோபர் வாக்கிலும் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது, பிடிபட்டால் இரண்டிலும் போய்விடும்.

மதிப்பீடு வந்ததும்

மூன்று அறிக்கை வரும், ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று நான்கே வரியாக இருக்கும். நிராகரித்திருந்தாலும் ஒரு நாள் கழித்து உட்கார்ந்து, ஒவ்வொரு குறையையும் நிரூபணத்தில் பிழை, விளக்கத்தில் குழப்பம், ரசனை வேறுபாடு என்று பிரித்து எழுதுங்கள். முதல் வகையை உடனே சரிசெய்ய வேண்டும். இரண்டாவது வகையை மதிப்பிடுகிறவர் மேல் போடாதீர்கள், அவருக்குப் புரியவில்லை என்றால் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரியாது. மூன்றாவது வகைக்கு வேறு மாநாட்டைத் தேடலாம். ஏற்றுக்கொண்டால் இறுதி வடிவத்துக்குச் சில வாரம்தான் தருவார்கள், அதற்குள் குறைகளைத் திருத்தி, ஓர் ஆசிரியராவது கட்டணம் கட்டிப் பதிந்தாக வேண்டும்.

பணம், விடுப்பு, விசா

இளநிலை மாணவராக இருந்தால் தேசியப் பல்கலைக்கழகத்தில் யூராப்ஸ் (UROPS), நன்யாங்கில் யூரெக்கா (URECA) போன்ற ஆய்வுத் திட்டங்கள் வழியாகக் கேளுங்கள், துறை அலுவலகத்தில் மாநாட்டுக்கென்று தனி உதவி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, கேட்காதவருக்கு ஒரு வெள்ளிகூட வராது. மாணவர் கட்டணமும் முன்பதிவுக் கட்டணமும் குறைவு, தேதியைக் குறித்துவையுங்கள். டிசம்பர் மாநாடு என்றால் தேர்வு முடிந்திருக்கும், பிப்ரவரி மாநாடு பருவத்தின் நடுவில் வரும், டுடோரியல், சோதனை எதுவும் இடிக்கிறதா என்று ஜனவரி முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.

இந்தியாவுக்குப் போகும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மின்விசா வேண்டும், மாநாட்டுக்கென்றே தனி வகை இருக்கிறது, அதற்கு அமைப்பாளரிடமிருந்து அழைப்புக் கடிதம் தேவை. நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு ஜப்பான், தைவான் மாதிரி இடங்களுக்கு விசா நேரம் எடுக்கும், கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே கடிதம் கேளுங்கள்.

மாநாடு சிங்கப்பூரில் நடந்து, தமிழ்நாட்டிலிருந்து உங்கள் நண்பர் வருகிறார் என்றால், விசாவோடு வருகை அட்டையையும் அவர் நிரப்ப வேண்டும், வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில், இலவசமாக. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சைத் தயார் செய்வது

20, 25 நிமிடம்தான் கிடைக்கும், கேள்வியும் அதற்குள். 12 பக்கத்தையும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஒரு கேள்வி, ஒரு படம், ஒரு தேற்றம், அதன் நிரூபணத்தில் ஒரே ஒரு கருத்து. மேலே சொன்ன எம்ஆர்டி வரைபடத்தைத் திரையில் போட்டு சாங்கித் தடத்தைச் சிவப்பாக்கினால் பாலம் என்றால் என்ன என்று விளக்க அரை நிமிடம் போதும், வரையறையை எழுதிப் படித்தால் மூன்று நிமிடம் ஆகும். துணைத் தேற்றங்களின் பட்டியலைத் திரையில் ஓடவிடுவது யாருக்கும் உதவாது. சின்ன எடுத்துக்காட்டு ஒன்றில், ஐந்தாறு புள்ளியில், உங்கள் அல்காரிதம் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு அடியாகக் காட்டுங்கள். அதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணிதம் தெரிந்த ஒருவர் முன்னாலும், தெரியாத ஒருவர் முன்னாலும் பேசிப் பாருங்கள். இரண்டாமவர் வீட்டில் அக்காவாகவோ அத்தையாகவோ இருக்கலாம், தமிழிலேயே சொல்லுங்கள். தமிழில் உங்கள் தேற்றத்தைச் சொல்ல முடிந்தால் எங்கே குறியீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இதை நான் மிகத் தீவிரமாக நம்புகிறேன்.

கேள்வி நேரத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதோடு கேட்டவரின் பெயரைக் குறித்துக்கொண்டு இடைவேளையில் போய்ப் பேசுங்கள்.

அங்கே இருக்கும்போது

உங்கள் பேச்சு முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். எல்லாப் பேச்சும் புரியாது, பெரிய பேராசிரியர்களுக்கும் புரியாது. ஒவ்வொரு பேச்சிலும் ஒரு திறந்த கேள்வியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் உங்கள் கூட்டத்தோடு மட்டும் உட்காராமல், ஒரு வேளையாவது தெரியாதவர்களோடு உட்காருங்கள், "இப்போது எதில் வேலை செய்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், கணிதக்காரர்கள் கைத்துடைக்கும் தாளிலேயே வரைந்து காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். திறந்த கேள்விகளுக்கென்று தனி அமர்வு இருந்தால் அதை மட்டும் விடவே விடாதீர்கள்.

பயணம் செய்ய முடியாதவர்கள் உள்ளூரிலேயே தொடங்கலாம். பிரின்ஸ் ஜார்ஜ் பார்க்கில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் கழகம் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் பயிலரங்குகள் நடத்துகிறது, தனிநிலைக் கணிதமும் கணிமைக் கோட்பாடும் அதில் வரும். நேரே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். தொடக்கக்கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களில் ஆர்வமுள்ள இரண்டு பேரையாவது முன்கூட்டியே அனுமதி கேட்டு அழைத்துப்போனால் மிக நன்றாக இருக்கும்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள், பேசிய ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள், அவர் சொன்ன கேள்வியை அதில் குறிப்பிடுங்கள், உங்கள் ஸ்லைடையும் இணையுங்கள். பிறகு முழு வடிவம்: மாநாட்டுத் தொகுதியில் இடமில்லாமல் விட்ட நிரூபணங்களையெல்லாம் சேர்த்து, புதிதாக ஏதாவது ஒரு முடிவையும் கூட்டி ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். பல மாநாடுகள் தேர்ந்தெடுத்த கட்டுரைகளுக்கு ஆய்விதழ்ச் சிறப்பிதழ் வைத்திருக்கின்றன. அழைப்பு வந்தால் அதில் போடுங்கள், வராவிட்டால் நேராகவே அனுப்பலாம். மாநாட்டு வடிவம் ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதை முதல் பக்க அடிக்குறிப்பிலும் ஆசிரியர் குழுவுக்கு எழுதும் கடிதத்திலும் சொல்லிவிட வேண்டும், எவ்வளவு புதிது என்று பக்க எண்ணோடு குறிப்பிட்டால் அவர்களுக்கு வேலை எளிது.